ஆறு சிவப்புப் பந்துகள்

"ஸ்னூக்கர்" என்ற சொல் காதில் விழுந்தாலே நம் தாய்மார்கள் முகம் சுளிப்பது வழக்கம். பட்டணத்துக் கடை மாடியில், சிகரெட் புகைக்கு நடுவே, வேலைவெட்டி இல்லாதவர்கள் பொழுது போக்கும் ஆட்டம் என்பதே அவர்கள் எண்ணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணம் போன பிறகு, நம் பிள்ளைகள் சிலர் அத்தகைய இடங்களில் வழி தவறியதையும் கண்டிருக்கிறோம். எனவே அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் ஆட்டம் வேறு, ஆடும் இடம் வேறு அல்லவா?

இந்த ஆட்டத்தின் பிறப்பைக் கேளுங்கள். 1875-ஆம் ஆண்டில், மத்திய இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி தம் நண்பர்களோடு பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லேன். நம்மவர் பிறகு சென்னை இராணுவத் தளபதியின் பரிவாரத்தில் சேர்ந்தார். கோடை தோறும் அந்தப் பரிவாரம் ஊட்டிக்குச் செல்லும். 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில்தான் ஆட்டத்தின் விதிகள் எழுதி வைக்கப்பட்டன.

நம் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிப் போனால் கேமரன் மலைத் தேயிலை வருவதுபோல, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஏறிப் போனால் நீலகிரித் தேயிலை வரும். அந்த மலையில் வளர்ந்த ஆட்டத்தில் அந்த மண்ணின் மக்களுக்கு இடமில்லை. துரைமார்கள் ஆடினார்கள், மற்றவர்கள் பணிவிடை செய்தார்கள். மலாயாவில் துரைமார் கிளப்புகளின் கதையும் அதுதான்.

ஆட்டத்தின் கணக்கு எளிது. சிவப்புப் பந்து ஒன்றைக் குழியில் தள்ளினால் 1 புள்ளி. அடுத்து ஒரு வண்ணப் பந்து. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. வண்ணப் பந்து மீண்டும் மேசைக்கு வரும், சிவப்பு வராது. சிவப்பெல்லாம் தீர்ந்த பின் ஆறு வண்ணங்களையும் வரிசையாகத் தள்ள வேண்டும். அதற்கு 27 புள்ளி. முழு ஆட்டத்தில் சிவப்புப் பந்துகள் 15. குறுகிய ஆட்டத்தில் 6 மட்டுமே.

இந்தக் குறுகிய ஆட்டத்துக்கு 2008-இல் தாய்லாந்தின் பாங்காக் நகரில் அனைத்துலக அழைப்புப் போட்டி ஒன்று நடந்தது. பெயர் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர்களும் பல நாடுகளின் வீரர்களும் அழைக்கப்பட்டார்கள். முதல் பட்டம் இங்கிலாந்தின் ரிக்கி வால்டனுக்கு. மறு ஆண்டு, 47 வயது ஜிம்மி வைட் இளையவர்களை வென்று பட்டம் பெற்றார். 2015-இல் தாய்லாந்தின் தெப்சையா உன்-நூ சொந்த மண்ணிலேயே வென்றார். 2023-இல் சீனாவின் டிங் ஜுன்ஹுய் இரண்டாம் முறையாகப் பட்டம் பெற்றார்.

பந்துகள் குறைந்தால் ஆட்டம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்து முறை சிவப்பும் கறுப்பும் மாறி மாறித் தள்ளினால் 40 புள்ளி. முழு ஆட்டத்தில் இன்னும் பத்துச் சிவப்புகள் மேசையில் இருக்கும். எதிராளி எடுக்க 107 புள்ளி மிச்சம். குறுகிய ஆட்டத்திலோ மிச்சம் 35-தான். எதிராளி தவறிழைத்துப் புள்ளி தந்தாலொழிய, பின்தங்கியவர் மீள முடியாது. முதல் வாய்ப்பைத் தவறவிட்டவருக்கு மறு வாய்ப்பு வராமலே போகலாம். பாங்காக்கில் 2008, 2014, 2016 ஆகிய ஆண்டுகளின் இறுதி ஆட்டங்கள் 8-7 என்று கடைசிச் சுற்று வரை இழுத்ததில் வியப்பென்ன?

நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? நிறைய வாய்ப்புகளோடு பிறந்தவர்கள் அல்லர் நம் பிள்ளைகள். கிடைக்கும் ஆறு பந்துகளில் முதல் பந்தையே நிதானமாக, கணக்கோடு அடிக்கப் பழக வேண்டியவர்கள்.

பழகியவர்கள் வென்றும் காட்டியிருக்கிறார்கள். பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2014-இல் எகிப்திலும் 2015-இல் கராச்சியிலும் ஆறு பந்து ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றார். 2025 நவம்பரில், டோஹாவில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் பதினைந்து பந்து ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வென்று உலகப் பட்டம் பெற்றார். துரைமார் கிளப்பில் நம்மவர் தொடவும் முடியாதிருந்த கோல், இன்று ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில்!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் ஸ்னூக்கர் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டதும் கையை ஓங்காதீர்கள். எங்கே ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பந்தயப் பணமும் போதையும் புழங்கும் இடமென்றால் உடனே தடுங்கள். அதில் தாட்சண்யம் வேண்டாம். ஒழுங்கான இடமென்றால் நேரம் குறித்து, செலவு குறித்து, பள்ளிப் பாடம் முடிந்த பிறகு அனுப்புங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் மேசையில், குறுகிய ஆட்டம் பணத்தையும் மிச்சப்படுத்தும். மகளும் ஆசைப்பட்டால் அவளையும் கூட்டிப் போங்கள்.

தடுக்க வேண்டியது தீய பழக்கத்தை, திறமையை அல்ல.