புகையிலை அட்டைகள்: தேடலும் தர மதிப்பீடும்

பழங்காசுகளையும் அஞ்சல் தலைகளையும் சேகரிப்போரை நாம் நன்கறிவோம். அமெரிக்க நாட்டிலோ, சிகரெட்டுப் பெட்டியினுள் இலவசமாக வந்த சிறு அட்டைகள் இன்று அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் வரலாற்றையும் தரம் காணும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்கும் பொருட்டு, அதனுள் தடித்த அட்டையொன்றை வைத்தனர். பின்னர் அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சிட்டு விளம்பரமாக்கினர். இவ்வாறு வெளிவந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது, 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் வெளியிட்ட தொகுதியாகும். அதில் 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன.

இத்தொகுதிக்கு 'டி206' எனக் குறியீடு தந்தவர் ஜெபர்சன் பர்டிக் என்னும் சேகரிப்பாளர். அவர் தாம் திரட்டிய மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப்படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கினார். மூட்டுவாத நோயால் வருந்திய நிலையிலும் அவற்றைத் தொகுப்பேடுகளில் ஒட்டி முடித்து, 1963-இல் மறைந்தார்.

டி206 தொகுதியின் மிக அரிய அட்டைகளுள் ஒன்று பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படம் தாங்கிய அட்டை. அவர் மறுப்புத் தெரிவித்தமையால் அச்சிடுதல் நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். எஞ்சிய ஒரு சில அட்டைகளுள் ஒன்று 2022-இல் 72.5 இலட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று.

அட்டையின் தரத்தை 1 முதல் 10 வரையிலான எண்களால் குறிப்பர். முனைகளின் கூர்மை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்த பாங்கு ஆகிய நான்கையும் நோக்கி எண் வழங்கி, அட்டையை ஒளிபுகும் உறையில் இட்டு மூடுவர். மேற்கூறிய 72.5 இலட்சம் டாலர் அட்டை பெற்ற தரம் 2 மட்டுமே! அருமை மிகுமிடத்துப் பழுதும் பொறுக்கப்படுகிறது. ஆனால் பொய் பொறுக்கப்படுவதில்லை.

1991-இல் பி.எஸ்.ஏ. என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் மற்றொரு வாக்னர் அட்டைக்கு 8 என்னும் உயர்தரம் வழங்கியது. அது 2007-இல் 28 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் விளிம்புகளைத் தாம் வெட்டிச் சீராக்கியதாக, அதனை முன்பு வாங்கி விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். தேய்ந்த விளிம்பை வெட்டினால் முனை கூராகும். அட்டை புதியதாய்த் தோன்றும். அதனாலேயே வெட்டப்பட்ட அட்டைக்குத் தர எண் வழங்கலாகாது என்பது விதி. வல்லுநர் கண்ணையும் அவ்வெட்டு ஏமாற்றிவிட்டது.

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வதை இஸ்லாம் வன்மையாகக் கண்டிப்பதை நாம் அறிவோம். மயிரிழையளவு தாளை நறுக்கியதும் அத்தகைய குறைவே அன்றோ? 'நாணயம்' என்னும் நம் தமிழ்ச்சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே உணர்த்துகிறது. பழம்பொருளைத் தேடும் மாணவர்கள் முதலில் பேண வேண்டியது அந்த நாணயத்தையே ஆகும்.