சுவிட்சைப் போடும் முன்: கிரைண்டரைக் கையாளும் முறை

கேட் கம்பியை வெட்ட, டைல்ஸ் ஓரத்தைத் தேய்க்க, துருப்பிடித்த போல்ட்டை அறுத்தெடுக்க என்று இப்போது பல வீடுகளிலேயே ஒரு கிரைண்டர் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் ஏஜி-4 என்று சொல்லும் நாலு இஞ்ச் மெஷின் அது. ஒரு கைக்குள் அடங்குவதால் சின்ன சாமான்தானே என்று தோன்றும். அதன் வேகத்தைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

அப்படி என்ன வேகம்?

நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. அந்தக் கணக்கில் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் அதன் துண்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கிளம்பும். பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வீல், அதன் மேல் மூடி இருக்கிறதா, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் ஆகிய மூன்றையும் சுவிட்சைப் போடும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

எந்த வீலைப் போடுவது?

வெட்டுவதற்கு கட்டிங் வீல்; 1 முதல் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தேய்ப்பதற்கு கிரைண்டிங் வீல்; சுமார் 6 மில்லிமீட்டர் கனம். கட்டிங் வீலைப் பக்கவாட்டில் சாய்த்து வெல்டிங் பிசிறைத் தேய்ப்பது பலருக்கும் பழக்கம். அந்த மெல்லிய வீல் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது, நொறுங்கிவிடும். வீலை மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செலவழித்துவிடுங்கள்.

வீல் மேல் எழுதியிருப்பதில் எதைப் பார்ப்பது?

ஆர்பிஎம் (ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ற எண்ணைப் பாருங்கள். வீலில் உள்ள எண், மெஷினில் உள்ள எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். நாலு இஞ்ச் வீல் 15,000 சுற்றுக்கு மேல் தாங்கும். ஏழு இஞ்ச் வீல் தாங்குவது 8,500 சுற்று அளவுக்குத்தான். மூடியைக் கழற்றிவிட்டு, 11,000 சுற்று ஓடும் சின்ன மெஷினில் பெரிய வீலை மாட்டினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

நடுத்துளையைச் சுற்றியுள்ள தகட்டு வளையத்தில் பெரும்பாலும் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். வீலில் தேய்க்கும் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். அது நாளாகவும் ஈரம் படவும் வலுவிழக்கும். தேதி தாண்டியது, நனைந்தது, கீழே விழுந்தது, ஓரம் உடைந்தது எதையும் மாட்டாதீர்கள். புது வீலை மாட்டியதும் முகத்துக்கு நேரே பிடிக்காமல், ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கார்டைக் கழற்றினால்தான் வெட்டும் இடம் தெரிகிறதே?

கார்டு என்பது வீலைப் பாதி மூடி நிற்கும் இரும்பு மூடி. வீல் சிதறினால் உங்களுக்கும் அதற்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். பார்வையை மறைத்தால் கார்டைத் திருப்பி வையுங்கள். திருப்புவதற்கென்றே அதில் வழி இருக்கிறது. மூடிய பக்கம் எப்போதும் உங்களை நோக்கி இருக்கட்டும்.

மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டலாமா?

கூடாது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது பாதுகாப்பானது ஆகிவிடாது. பல் மரத்தில் கொக்கி போட்ட நொடியில் மெஷின் கையை மீறித் துள்ளும். தொடையிலும் கழுத்திலும் ஆழமாக வெட்டு விழுவது இப்படித்தான். மரத்துக்கு மர ரம்பம் இருக்கிறது.

மெஷின் ஏன் திடீரென்று துள்ளுகிறது?

இதைக் கிக்பேக் (வீல் சிக்கியதும் மெஷின் எதிர்ப்பக்கம் எகிறுவது) என்பார்கள். ஒரு பைப்பை இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு முடியும் தறுவாயில் பைப் நடுவில் தொய்யும். வெட்டின் மேல்வாய் மூடிக்கொண்டு வீலைக் கவ்வும். அங்கேதான் துள்ளல். அதனால் வெட்டி எடுக்கும் பகுதி செங்கல்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெட்டு முடியும்போது அது தானாகக் கீழே சாயும், வாய் விரியும், வீல் சிக்காது.

பொருளைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டாதீர்கள். கிளாம்பு போட்டு இறுக்குங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். வீல் ஓடும் கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.

கரண்ட் போய்விட்டால்?

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் ஆனிலேயே கிடந்தால், கரண்ட் வந்ததும் தரையில் கிடக்கும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். வீல் மாற்றும்போதும் இதே விதிதான்: முதலில் பிளக், பிறகு ஸ்பேனர்.

உடையில் என்ன கவனம்?

லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, மணிக்கட்டுக் கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். தளர்ந்த நூல் கையுறை வீலில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கையோடு ஒட்டி நிற்கும் தோல் கையுறை போதும். காலுக்கு ஷூ கட்டாயம்.

பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன், போதாதா?

போதாது. பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அதற்கு மேல் முகத்தடுப்பும் இருந்தால் நல்லது.

தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கருவிழியில் ஒட்டிய இரும்புப் பொடியைத் துணி நுனியால் எடுத்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது கருவிழியைக் கீறிவிடும். மிச்சமிருக்கும் துணுக்கு அங்கேயே துருப்பிடிக்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். துணுக்கு குத்தி நிற்பதாகத் தெரிந்தால் பிடுங்கவோ கழுவவோ வேண்டாம். கண்ணை அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடி மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கல், டைல்ஸ் வெட்டும் தூசி?

அதில் சிலிக்கா (கல்லில் உள்ள நுண்மணல்) இருக்கிறது. தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரலில் தழும்பை உண்டாக்கிவிடும். அந்தத் தழும்பு ஆறாது. கர்சீப் அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போட்டுத் திறந்த வெளியில் வெட்டுங்கள். தண்ணீர் விட்டு வெட்ட வேண்டுமானால் அதற்கென்றே செய்த மெஷினில் மட்டும் வெட்டுங்கள். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் புகுந்தால் ஷாக் அடிக்கும்.

இரும்பை வெட்டும்போது தீப்பொறி பல அடி பறக்கும். பெயின்ட், தின்னர், பெட்ரோல் அருகில் இருக்கக் கூடாது. எண்ணெயோ ரசாயனமோ இருந்த காலி டிரம்மை வெட்டவே வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

வேலைக்கு ஆள் வைத்துத்தானே செய்கிறேன், எனக்கென்ன?

உங்களுக்கும் பங்கு இருக்கிறது. கார்டு இல்லாத மெஷினோடு வந்தால், மாட்டிக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதிக விலை இல்லை. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ‘சீக்கிரம் முடிங்க அண்ணே’ என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் வீலை மாற்றவும், கிளாம்பை இறுக்கவும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள்.