சொந்தக் கல்லூரி கட்டாத சபை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சீயோன் லுத்தரன் ஆலயம். 1924 இல் எழுந்த கோயில். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் வேலை தேடிக் கப்பலேறிய தமிழ் லுத்தரன்களின் தாய்ச்சபை தரங்கம்பாடியில் இருந்தது. 1706 இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கி, பத்தே ஆண்டுகளில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கக் குருமடம் திறந்த ஊர் அது.

படிப்பில் ஊறிய அந்தச் சபையின் பிள்ளைகள் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏன் சொந்தமாக ஒரு கல்லூரி கட்டவில்லை?

அமெரிக்காவில் குடியேறிய லுத்தரன்கள் கட்டினார்கள். நார்வேக்காரர்கள் 1861 இல் லூதர் கல்லூரியையும், ஃபின்லாந்துக்காரர்கள் 1896 இல் மிச்சிகனில் சுவோமி கல்லூரியையும் தொடங்கினார்கள். போதகர்களை உருவாக்குவதே முதல் நோக்கம். பொதுப் படிப்பெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. அங்கே நிலமும் ஆளும் இருந்தன. மலாயாவில் தமிழ் லுத்தரன்கள் ஒரு கைப்பிடி. ஆலயத்துக்கு வேண்டிய ஐயரை, அதாவது போதகரை, தமிழ்நாட்டுச் சபையே அனுப்பிவைத்தது. 1927 இல் சென்னையில் குருகுல் இறையியல் கல்லூரியும் தொடங்கிவிட்டதால், இங்கே தனியாக ஒன்று கட்டவேண்டிய அவசரம் எழவில்லை.

1960களில் நிலைமை மாறியது. மலேசிய லுத்தரன் சபை தாய்ச்சபையிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. 1965 இல் சிங்கப்பூர் தனி நாடானதும், பல சபைகள் நம்பியிருந்த டிரினிட்டி இறையியல் கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வெளிநாட்டு மிஷனரிகள் எத்தனை ஆண்டு தங்கலாம் என்பதற்கும் மலேசிய அரசு வரம்பு வைத்தது. இனி உள்ளூரில் படித்த ஆட்கள் வேண்டும்.

1979 இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு லுத்தரன் சபையும் சேர்ந்து செமினாரி தியோலஜி மலேசியாவைத் தொடங்கியது. எஸ்டிஎம் என்றால்தான் சபை மக்களுக்குத் தெரியும். கோலாலம்பூர் வட்டாரத்தில் தொடங்கிய கல்லூரி, பிறகு சிரம்பானில் தனக்கென வளாகம் கட்டிக்கொண்டது. தனியாகச் சுமக்க முடியாத ஆசிரியர் சம்பளம், நூலகம், விடுதிச் செலவு எல்லாம் மூன்று சபைகளின் தோளுக்கும் பகிர்ந்துபோயின.

மொழிச் சிக்கலும் கூடவே வந்தது. ஆங்கிலிக்கன் சபைக்கும் மெதடிஸ்ட் சபைக்கும் தமிழ், சீனம், ஆங்கிலம் பேசும் மக்கள் உண்டு; கல்லூரியும் ஒரே மொழியில் நடக்க முடியாது. தமிழ்ச் சபைக்குப் போகும் மாணவர் ஆங்கில நூல்களைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழில் பிரசங்கம் செய்தாக வேண்டும். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த இளையோருக்கும் அதே ஐயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சியின் பார்வையும் மலேசிய மண்ணுக்குத் திரும்பியது. லுத்தரன் சபையின் ஆயராகப் பின்னாளில் பொறுப்பேற்ற சாலமன் ராஜா, தீபகற்ப மலேசியாவின் நாட்டுப்புறக் கோயில்களில் நடக்கும் உயிர்ப்பலி வழக்கத்தை ஆய்வு செய்து எழுதிய நூல் 2000 இல் வெளிவந்தது. முனியாண்டி கோயிலைத் தாண்டித்தான் ஆலயத்துக்குப் போகிற தோட்டப்புறத்துச் சபைக்கு அது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல, அன்றாடம் பார்க்கிற அக்கம்பக்கத்தைப் பற்றிய படிப்பு.

அமெரிக்காவில் ஃபின்லாந்துக்காரர்கள் கட்டிய சுவோமி, ஃபின்லாண்டியா பல்கலைக்கழகமாக வளர்ந்து, கடன் சுமையாலும் மாணவர் குறைவாலும் 2023 இல் மூடப்பட்டது. மூன்று சபைகள் கூட்டாகத் தொடங்கிய எஸ்டிஎம், சிரம்பானில் இன்றும் போதகர்களைப் பயிற்றுவித்து வருகிறது.