ஒரு பெட்டி, இரண்டு பூட்டு

போன வருடம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மொட்டை மாடியிலிருந்து வயரை இறக்கி, சுவரில் துளை போட்டு, பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, "சார், வைஃபை பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே போட்டுடட்டுமா? மறக்காது" என்றார். நான் யோசிப்பதற்குள் போட்டும் விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருந்தது. பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் போன் நம்பர்தான் பாஸ்வேர்டு.

போன் நம்பர் ரகசியமே இல்லை. பால்காரர் முதல் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு வரை எல்லோரிடமும் அது இருக்கிறது. உங்கள் எண்ணே தெரியாத ஒருவருக்கும் இந்தப் பூட்டு பெரிய தடை கிடையாது. நம் நாட்டில் செல்போன் எண் என்றால் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தமே 400 கோடி எண்கள்தான். உங்கள் செல்போன் வைஃபையில் சேரும்போது ரவுட்டரோடு அது பரிமாறிக்கொள்ளும் அடையாளச் செய்தி காற்றில் போகிறது. தெருவில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து, கணினியை விட்டு ஒவ்வோர் எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு 400 கோடி என்பது சில மணி நேர வேலை. 2021இல் இஸ்ரேலில் சைபர்ஆர்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஈடோ ஹூர்விட்ச் என்ற ஆய்வாளர் இதைச் செய்தே காட்டினார். டெல் அவிவ் நகரத்தைச் சுற்றி வந்து 5,000 வைஃபை இணைப்புகளின் செய்திகளைச் சேகரித்தார். அவற்றில் சுமார் 70 சதவீதத்தின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஊரிலும் பலர் செல்போன் எண்ணைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள்.

இது முதல் பூட்டு. பெரும்பாலோருக்கு இது ஒன்றுதான் தெரியும். பெட்டிக்கு இரண்டாவது பூட்டும் உண்டு.

ரவுட்டருக்குள் ஒரு நிர்வாகப் பக்கம் இருக்கிறது. வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு, யார் யார் இணைந்திருக்கிறார்கள், இணையத்துக்கு எந்த வழியாகப் போவது என எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் அந்தப் பக்கத்தில்தான். அதற்குள் நுழையத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வேண்டும். பல பெட்டிகளில் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். தொழிற்சாலையில் வைத்தது அப்படியே இருக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாதம் ஒரு முறை மாற்றுகிறவர்கூட இந்த இரண்டாவதைத் தொட்டிருக்க மாட்டார்.

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2016இல் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள் மிராய் என்றொரு நிரலை எழுதினார்கள். தொழிற்சாலைகள் வழக்கமாக வைக்கும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபத்துச் சொச்சம் அதற்குள் இருந்தன. இணையத்தில் தென்படும் கேமராக்களின், ரவுட்டர்களின் கதவை அந்தச் சாவிகளால் திறந்து பார்ப்பதுதான் அதன் வேலை. லட்சக்கணக்கான பெட்டிகள் திறந்துகொண்டன. அந்த அக்டோபர் 21ஆம் தேதி, இப்படிப் பிடிபட்ட பெட்டிகள் இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஒரே நேரத்தில் பாய்ந்ததில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை அமெரிக்காவில் பலரால் திறக்க முடியவில்லை. பெட்டியின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டில் பச்சை விளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களைத் தீநிரல் ஒன்று தாக்கியது. தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாதவர்களின் மோடம்கள் அதில் முடங்கின. பாஸ்வேர்டை மாற்றும்படி அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

பெட்டியை முடக்குவதைவிட எனக்கு அதிக பயம் தருவது வேறொன்று. நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுச் சொல்வது உங்கள் ரவுட்டர். கேட்க வேண்டிய இடத்தை நிர்வாகப் பக்கத்தில் ஒருவர் மாற்றிவிட்டால், பெயர் சரியாக இருக்க, நீங்கள் போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கும். பிரேசிலில் 2011 முதல் சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படி நடந்தது. அங்கே திருடர்களுக்கு வழி விட்டது மோடம் சிப்பில் இருந்த ஓட்டை. அதனால்தான் பாஸ்வேர்டு மாற்றுவதோடு ரவுட்டரின் மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். வங்கித் தளத்தைத் திறக்கும்போது "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று பிரவுசர் எச்சரித்தால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சரி, பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்சம் படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று பெருந்தன்மையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக 2008ஐச் சொல்ல வேண்டும். அந்த ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு காவல்துறை போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவர் வீட்டு வைஃபை வழியாக வேறு யாரோ அனுப்பிய அஞ்சல் அது. அது தெரியவருவதற்குள் அவருடைய கணினிகளைப் பறிமுதல் செய்து, அவரை விசாரித்து, நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு விஷயம் போய்விட்டது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும், செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையும் இதே காரியத்துக்குப் பயன்பட்டன. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். குற்றவாளி இல்லை என்று பிறகு தெளிவாகலாம். அதுவரை படும் பாட்டை யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள்.

சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது. உங்கள் அனுமதியின்றி உங்கள் கணினி வலையமைப்பில் நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குரிய செயல். அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு வரும்: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது 66சி பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டைக் கேட்க நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அதற்குரிய தீர்ப்பு அதிகாரி. இது நம்மில் அநேகருக்குத் தெரியாது.

பணம் போயிருந்தால் வேறெதுவும் யோசிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் வெளியார் திருடிய பணம் என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவர் தலையில் இழப்பு விழக்கூடாது என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. பணம் போகாத ஊடுருவல் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, உங்கள் மாவட்ட சைபர் குற்றப்பிரிவு காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும், எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று புகாரை வாங்காமல் திருப்பியனுப்பக் கூடாது. புகாருக்கு முன் ரவுட்டரில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். நிர்வாகப் பக்கத்தையும் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்றும் முறை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற எண்ணும், நிர்வாகப் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடி அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டுங்கள், கூகுளில் தேடாதீர்கள். உள்ளே போனதும் முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டு, பிறகு வைஃபை பாஸ்வேர்டு. இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். பல பெட்டிகளில் வைஃபை 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளாக இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும். டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ்ஸின் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்த செய்தி.

வைஃபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், 63 வரை போகலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், அம்மாவுக்கும் மறக்காது. வீட்டு டைரியில் எழுதி பீரோவில் வைப்பதில் தவறில்லை. கடைச் சுவரில் ஒட்டுவதுதான் தவறு. விருந்தினர்களுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. வருகிறவர்களுக்கு அதைக் கொடுங்கள். வாடகை வீட்டில் பழைய பெட்டியோடு குடி புகுந்தவர்கள் முதல் நாளே இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். கணவரைப் பிரிந்து தனியே வாழும் பெண்களுக்கு இது இன்னும் அவசரம்: பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு வீட்டில் எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன என்பது தெரியும்.

சில நிறுவனங்கள் நிர்வாகப் பாஸ்வேர்டைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தராவிட்டால், அவர்களையே மாற்றித் தரச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பலன் இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது என்பதற்காகப் பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு ரீசெட் துளையில் ஊசியை விடாதீர்கள். நிறுவனம் போட்ட இணைப்பு அமைப்பும் சேர்ந்து அழிந்து, இணையமே நின்றுவிடக்கூடும்.

மாற்றி முடித்ததும் டிவி, செல்போன், வாசல் கேமரா எல்லாம் துண்டிக்கப்படும். பதறாமல் ஒவ்வொன்றாகப் புதிய பாஸ்வேர்டில் சேருங்கள். கேமராவைச் சேர்க்கும்போது அதற்கென்று உள்ள நிர்வாகப் பாஸ்வேர்டையும் பாருங்கள். மிராய் அதிகமும் பிடித்தது கேமராக்களைத்தான்.