மணி அடித்தால் அடுத்த மேசை: மருத்துவ மாணவரை எடைபோடுவது எப்படி?

எம்.பி.பி.எஸ். செய்முறைத் தேர்வில் மாணவர்களை அதிகம் அச்சுறுத்துவது ‘லாங் கேஸ்’. ஒரு நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, தேர்வாளர் முன் விளக்க வேண்டும். ஒருவருக்குக் கோவையாகப் பேசும் நோயாளி வாய்ப்பார். அடுத்தவருக்குக் காது மந்தமான முதியவர். தேர்வாளர்களிலும் கண்டிப்பானவர் உண்டு, தாராளமானவர் உண்டு. அப்படியானால், மதிப்பெண்ணில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

இந்தச் சிக்கலுக்கு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு வழி பிறந்தது. ரொனால்ட் ஹார்டனும் சக ஆய்வாளர்களும் 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை விவரித்தார்கள். மருத்துவக் கல்லூரிகளில் ‘ஆஸ்கி’ என்று சொல்லப்படும் தேர்வு அதுதான். ஒரு மேசையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இன்னொன்றில் எக்ஸ்ரேயைப் படிக்க வேண்டும். வேறொன்றில், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் மணி அடிக்கும். மாணவர் அடுத்த மேசைக்கு நகர்வார். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். மேசைக்கு மேசை தேர்வாளர் மாறுவதால் ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்காது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருத்தல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், அன்றாடம் செய்தல். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். ஆஸ்கி மூன்றாவது வரை ஏறும். தேர்வாளர் பார்க்கும்போது தவறாமல் கை கழுவும் மாணவர், நள்ளிரவு வார்டிலும் கழுவுவாரா? அதுதான் நான்காவது படி.

அதை வார்டில்தான் பார்க்க முடியும். நோயாளியைப் பரிசோதிக்கும் மாணவரை ஆசிரியர் சிறிது நேரம் கவனித்து, நிறைகுறைகளை உடனே சொல்வது ஒரு வழி. வெவ்வேறு ஆசிரியர்கள் பலமுறை பார்த்த பதிவுகள் சேர்ந்தால் மாணவரின் உண்மையான திறம் தெரியவரும். குறையைத் திருத்திக்கொள்ள அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இந்தத் திசையில்தான் செல்கிறது. திறன்களைப் பதியும் ‘லாக் புக்’கும், மருத்துவ அறம், பேசும் முறை ஆகியவற்றுக்கான தனிப் பாடமும் அதில் உண்டு. ஆனால் கவனித்துச் சொல்ல ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நேரில் பார்க்காமல் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டால், அது வெறும் நோட்டுப் புத்தகம்தான்.