திருக்குறள் மின்பாடங்களை ஒப்பிடுதல்: ஷெல் நிரல் மடக்குகளின் பயனும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நூலின் பல மின்பாடங்களைக் கணினியின் துணைகொண்டு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைத் தொகுக்கும் முயற்சி இன்று பரவலாகியுள்ளது. லினக்ஸ் இயங்குதளத்தில் அமைந்துள்ள ஷெல் நிரலின் மடக்குக் கட்டளைகள் இப்பணிக்கு எளிய கருவிகளாக உதவுகின்றன. ஆயினும் மடக்கின் அமைப்பில் நேரும் சிறு பிழையும் தமிழ் ஒருங்குறியின் இயல்பை அறியாமையும் பொய்யான வேறுபாடுகளைத் தோற்றுவிக்கும். உண்மையான வேறுபாடுகளை மறைக்கவும் செய்யும். திருக்குறளைச் சான்றாகக் கொண்டு, அத்தகைய மடக்கை அமைக்கும் முறையினையும் அதன் முடிவுகளை ஏற்பதற்குமுன் செய்யவேண்டிய சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூலபாடத் திறனாய்வு, பாடவேறுபாடு, ஷெல் நிரல், மடக்கு, ஒருங்குறி இயல்பாக்கம், திருக்குறள்

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளை அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பாடங்களைக் குறித்துக்கொள்வது பதிப்பாசிரியர்கள் கண்ணாலும் கையாலும் செய்துவந்த பணியாகும். மின்பாடங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் அப்பணியின் ஒரு பகுதியைக் கணினியிடம் ஒப்படைக்க இயலும். இரு கோப்புகளை ஒப்பிடும் ‘டிஃப்’ என்னும் நிரல் பெல் ஆய்வகத்தில் உருவாகி, 1974ஆம் ஆண்டில் யுனிக்ஸ் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது. அதன் அடிப்படையான கணக்கீட்டு முறையை ஹன்ட், மெக்கில்ராய் ஆகிய இருவரும் 1976இல் அறிக்கையாக விளக்கினர். இந்நிரலைப் பலமுறை திரும்பத்திரும்ப இயக்குவதற்கு உதவுவது ஷெல் ஆகும். 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லும், 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்லும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

மடக்கின் தேவை

திருக்குறள் 133 அதிகாரங்களையும் அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறட்பாக்களையும் கொண்டது. அதிகாரத்துக்கு ஒரு கோப்பு என அமைத்தால், ஒரு மின்பாடத்திற்கு 133 கோப்புகள் அமையும். இரு பாடங்களை ஒப்பிட 133 ஒப்பீடுகள் தேவை. மூன்று பாடங்கள் எனில், இணைகள் மூன்றாதலின் 399 ஒப்பீடுகள் தேவைப்படும். ஐந்து பாடங்கள் எனில் இணைகள் பத்தாகும். ஒப்பீடுகளின் எண்ணிக்கை 1330ஆக உயரும். பாடங்களின் எண்ணிக்கையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்குவது இணைகளைக் கணக்கிடும் முறையாகும். இத்தனை முறை கட்டளையைக் கையால் தட்டச்சிடுவது இயலாததன்று. ஆனால் அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அறிய வழியில்லை.

இரு கோப்புறைகளிலுள்ள ஒத்த பெயருடைய கோப்புகளை ஒரே கட்டளையில் ஒப்பிடும் வசதி டிஃப் நிரலிலேயே உண்டு. ஆகவே வெறும் ஒப்பீட்டுக்கு மடக்கு இன்றியமையாததன்று. கோப்புப் பெயர்கள் பாடத்துக்குப் பாடம் மாறுபடும்போதும், ஒப்பீட்டுக்குமுன் கோப்புகளைச் சீர்செய்ய வேண்டியிருக்கும்போதும், பல இணைகளின் முடிவுகளை அட்டவணையாக்க வேண்டியிருக்கும்போதுமே மடக்கு தேவையாகிறது.

மடக்கின் அமைப்பு

ஷெல்லில் ‘ஃபார்’, ‘வைல்’ என்னும் இருவகை மடக்குகள் பெருவழக்கின. முன்னது ஒரு பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாறியில் இட்டுக் கட்டளைகளை இயக்கும். பின்னது ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை இயங்கும். அதிகார ஒப்பீட்டுக்குரிய ஃபார் மடக்கு பின்வரும் படிகளைக் கொண்டது.

1. முதற் கோப்புறையிலுள்ள கோப்புகளின் பட்டியலைப் பெறுதல்.
2. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் மாறியில் இட்டு, அதற்கு இணையான கோப்பு இரண்டாம் கோப்புறையில் உள்ளதா எனச் சோதித்தல்.
3. இருப்பின் டிஃப் நிரலை இயக்கி, அதன் முடிவுநிலை எண்ணைப் பெறுதல்.
4. அவ்வெண்ணுக்கேற்ப அதிகார எண்ணையும் முடிவையும் பதிவுக்கோப்பில் எழுதுதல்.

இவற்றுள் மூன்றாம் படி கூர்ந்து நோக்கத்தக்கது. டிஃப் நிரல் மூவகை முடிவுநிலை எண்களைத் தரும். இரு கோப்புகளும் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1, கோப்பைத் திறக்க இயலாமை போன்ற இடர்ப்பாடு நேர்ந்தால் 2 என்பன அவை. ‘ஒத்துள்ளதா, இல்லையா’ என இரண்டாக மட்டும் பிரிக்கும் நிபந்தனையை அமைத்தால், 1, 2 ஆகிய இரண்டும் ‘இல்லை’ என்னும் ஒரே கிளையில் விழும். அதனால், இல்லாத கோப்பொன்று வேறுபாடுடைய அதிகாரமாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே மூன்று எண்களுக்கும் மூன்று கிளைகள் அமைத்தல் வேண்டும்.

மடக்கில் நேரும் பிழைகள்

பிழைச்செய்தி எதுவும் தராமலேயே தவறான முடிவைத் தருவது மடக்குப் பிழைகளின் இயல்பு. அவற்றுள் ஐந்து இங்குச் சுட்டத்தக்கன.

முதலாவது, பெயர்களிலுள்ள இடைவெளி. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்து, மாறி இரட்டை மேற்கோள்குறிக்குள் இடப்படாவிட்டால், ஷெல் அப்பெயரை இரு சொற்களாகப் பிரித்து, இல்லாத இரு கோப்புகளைத் தேடும். மாறிகளை எப்போதும் மேற்கோள்குறிக்குள் இடுவதும் பெயர்களில் இடைவெளியைத் தவிர்ப்பதும் இதற்குத் தீர்வாகும்.

இரண்டாவது, எண்களின் வரிசை. 1, 2, 10, 100 எனப் பெயரிட்டால், ஷெல் அவற்றை எழுத்துவரிசையில் 1, 10, 100, 2 என அடுக்கும். இரு பட்டியல்களை வரிசைப்படி இணைக்கும் நிரலில் இது பொருந்தாத அதிகாரங்களை இணைத்துவிடும். 001, 002 என மூவிலக்கமாகப் பெயரிடுதல் நன்று.

மூன்றாவது, இறுதி வரி. கோப்பை வரிவரியாகப் படிக்கும் வைல் மடக்கு, வரிமுடிவுக் குறியில்லாத கடைசி வரியைப் படித்தும் அதற்குரிய கட்டளைகளை இயக்காது. அதிகாரப் பட்டியலின் இறுதியில் அக்குறி விடுபட்டிருந்தால் 133ஆம் அதிகாரம் ஒப்பிடப்படாமலேயே போகும்.

நான்காவது, எண்ணிகள். ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்வழி வைல் மடக்குக்குச் செலுத்தினால், பாஷ் ஷெல் அம்மடக்கைத் துணை ஷெல்லில் இயக்குவது வழக்கம். மடக்கினுள் கூட்டப்பட்ட எண்ணிக்கை வெளியே வரும்போது சுழியாகவே நிற்கும். ‘வேறுபாடுகள் 0’ என்னும் முடிவு இவ்வாறும் தோன்றக்கூடும். குழாயைத் தவிர்த்துக் கோப்பிலிருந்து நேரே மடக்குக்கு உள்ளீடு தருவது பாதுகாப்பானது.

ஐந்தாவது, ஒருபக்கத் தேடல். மடக்கு முதற் கோப்புறையை மட்டும் சுற்றிவருவதால், இரண்டாம் கோப்புறையில் மட்டும் உள்ள கோப்புகள் அதன் பார்வைக்கு வாரா. எதிர்த்திசையிலும் ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

தமிழ் ஒருங்குறியும் பொய் வேறுபாடுகளும்

ஒப்பீட்டு நிரல்கள் எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை. அதற்கு அடியிலுள்ள பைட்டுகளையே காண்கின்றன. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகள் கொண்டது. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக இருப்பின் ஆறு பைட்டுகள். அதே குறி ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகப் பிரிந்திருப்பின் ஒன்பது பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை இரண்டு. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். ஒருங்குறி இயல்பாக்கம் செய்யும் கருவியை மடக்கினுள் முதலில் இயக்கினால் இவ்வேறுபாடு நீங்கும்.

இயல்பாக்கத்தால் நீங்காதனவும் உள. ஔகாரத்தின் இறுதியுறுப்புக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சிடுவது, காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவது, எகரத்திற்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழின் குறியை இடுவது ஆகியன தட்டச்சுப் பிழைகள். இவற்றைக் கருவி தானாகத் திருத்தாது. தனிப் பட்டியலிட்டுத் தேடுதல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேறு குறிகளும் இடையூறு செய்யும். விண்டோஸ் கோப்புகளில் வரிமுடிவு இரு குறிகளாலும் லினக்ஸ் கோப்புகளில் ஒரு குறியாலும் அமைவதால், ஒரே பாடம் எல்லா வரிகளிலும் வேறுபடுவதாகக் காட்டப்படும். சில கோப்புகளின் தொடக்கத்தில் அமையும் மூன்று பைட்டு அடையாளக்குறி முதல் வரியை மட்டும் வேறுபடுத்திக் காட்டும். எல்லா அதிகாரங்களிலும் முதற்குறள் மட்டும் வேறுபடுவதாக முடிவு வந்தால், ஆய்வாளர் பாடத்தை ஐயுறுவதற்குமுன் இக்குறியை ஐயுறுதல் தகும்.

வரிசை மாற்றமும் பாட மாற்றமும்

அதிகாரத்தினுள் குறட்பாக்களின் வரிசை எல்லா உரையாசிரியர்களிடத்தும் ஒன்றன்று. மணக்குடவர் வரிசையும் பரிமேலழகர் வரிசையும் பல இடங்களில் வேறுபடுகின்றன. டிஃப் நிரலோ இரு கோப்புகளுக்கும் பொதுவாக ஒரே வரிசையில் அமையும் வரிகளைக் கண்டு, எஞ்சியவற்றை வேறுபாடாகக் காட்டுவது. ஆகவே சொல் எதுவும் மாறாமல் இடம் மட்டும் மாறிய குறள், ஓரிடத்தில் நீக்கப்பட்டதாகவும் வேறோரிடத்தில் சேர்க்கப்பட்டதாகவும் காட்டப்படும். அதனைப் பாடவேறுபாடாக எண்ணினால் கணக்கு பிழைபடும்.

இதற்கு ‘காம்’ என்னும் நிரல் உதவும். குறளின் ஈரடிகளையும் ஒரே வரியாக்கி, இரு கோப்புகளையும் வரிசைப்படுத்திய பின் இதனை இயக்கினால், முதற் கோப்பில் மட்டும் உள்ளவை, இரண்டாம் கோப்பில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை என மூன்று பத்திகளாகப் பிரித்துத் தரும். இடம் மட்டும் மாறியவை மூன்றாம் பத்தியில் சேரும். சொல் மாறியவை முதலிரு பத்திகளில் எஞ்சும். இரு கோப்புகளும் ஒரே மொழியமைவில் வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது இதன் விதி. குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வருவதால், அவ்வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. ஒப்பீட்டுக்கு அது போதுமெனினும், அதனை அகரவரிசை அட்டவணையாக ஆய்வேட்டில் இடலாகாது.

எதை வேறுபாடெனக் கொள்வது?

சந்தி பிரித்த பாடத்தையும் பிரிக்காத பாடத்தையும் ஒப்பிட்டால் ஏறத்தாழ எல்லா வரிகளும் வேறுபடும். சொற்களைப் பிரிக்கும் இடைவெளியை நீக்கி ஒப்பிடலாம். ஆயினும் சந்தி பிரிக்கையில் தோன்றும் எழுத்து மாற்றம் எஞ்சிநிற்கும். நிறுத்தக்குறிகளை நீக்கலாமா, சந்தியை ஒதுக்கலாமா என்பன நிரல் தீர்மானிக்கும் வினாக்கள் அல்ல. பதிப்புநெறி சார்ந்த முடிவுகள். இடைவெளி மாறினால் சொற்பிரிப்பு மாறிப் பொருளும் மாறக்கூடும் என்பது உரையாசிரியர்களைக் கற்றோர் அறிந்ததே. எனவே ஒதுக்கியவை எவை என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் கூறுதல் கடன்.

இதற்கு அடுக்கு மடக்கு துணைசெய்யும். வெளிமடக்கு ஒப்பீட்டு நிலைகளைச் சுற்றிவரும்: மூலக்கோப்பு உள்ளவாறே, வரிமுடிவு சீர்செய்தபின், ஒருங்குறி இயல்பாக்கியபின், நிறுத்தக்குறி நீக்கியபின், இடைவெளி நீக்கியபின் என ஐந்து நிலைகள். உள்மடக்கு ஒவ்வொரு நிலையிலும் 133 அதிகாரங்களையும் ஒப்பிடும். ஒவ்வொரு நிலையிலும் வேறுபடும் அதிகாரங்களின் எண்ணிக்கையை அடுத்தடுத்து எழுதினால், முதல் மூன்று நிலைகளில் குறைந்தவை கணினிசார்ந்த வேறுபாடுகள் என்றும், அடுத்த இரு நிலைகளில் குறைந்தவை பதிப்புமுறை சார்ந்தவை என்றும், இறுதியில் எஞ்சியவையே கண்ணால் ஆராயத்தக்கவை என்றும் பகுத்தறியலாம். சீர்செய்யும் பணியனைத்தும் படிகளில் நிகழ வேண்டும். மூலக்கோப்பு மாறாதிருத்தல் வேண்டும்.

நிரலைச் சோதித்தல்

முடிவை நம்புமுன் நிரலைச் சோதித்தல் இன்றியமையாதது. ஒரு கோப்புறையை அதன் படியோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுழியாக வரவேண்டும். அப்படியின் ஓர் அதிகாரத்தில் ஓரெழுத்தை மாற்றினால் ஒன்று என வரவேண்டும். ஒரு கோப்பை நீக்கினால் அது வேறுபாடாக எண்ணப்படாமல் ‘கோப்பு இல்லை’ எனத் தனியே பதிவாக வேண்டும். ஒத்தவை, வேறுபட்டவை, இடர்ப்பட்டவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 133ஆக இருத்தல் வேண்டும். கூட்டுத்தொகை குறையின் மடக்கு எங்கோ ஓர் அதிகாரத்தைத் தவறவிட்டுள்ளது என்பது தெளிவு.

முடிவுரை

ஷெல் மடக்குகள் ஒப்பீட்டின் உழைப்பைக் குறைக்கின்றன. ஒப்பீட்டின் பொறுப்பைக் குறைப்பதில்லை. ‘இவ்விரு பாடங்களும் இத்தனை இடங்களில் வேறுபடுகின்றன’ என ஆய்வேட்டில் இடம்பெறும் எண், ஒகரக் குறியின் பிரிவாலோ விடுபட்ட கோப்பாலோ விளைந்ததாயின், அதன்மேல் எழுப்பப்படும் பதிப்பு வரலாறும் பிழைபடும். முடிவுநிலை எண்களை மூன்றாகப் பிரித்தல், குறியாக்கத்தை முதலில் சீர்செய்தல், வரிசை மாற்றத்தைப் பாட மாற்றத்தினின்று வேறுபடுத்தல், நிரலை அறிந்த விடையால் சோதித்தல் ஆகிய நான்கும் கடைப்பிடிக்கப்பட்டால், எஞ்சிய இடங்களில் ஆய்வாளர் தம் புலமையைச் செலுத்த இயலும். பயன்படுத்திய நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பது, அம்முடிவைப் பிறர் மீண்டும் சோதித்தறிய வழிசெய்யும்.