"சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதீங்க!



பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு வேலைக்குப் போகலாமா, வேண்டாமா என்று சகோதரிகள் பலர் இங்கே எழுதுகிறார்கள். 'தைரியமாகப் போங்கள்' என்று ஒரு சாராரும், 'வீட்டை யார் பார்ப்பது?' என்று இன்னொரு சாராரும் பதில் எழுதுகிறார்கள். எந்த வேலைக்குப் போவது, அதை யாரிடம் கேட்பது என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜுரம் என்றால் டாக்டரிடம் போகிறோம். பிளவுஸ் தைக்க நல்ல டெய்லரைத் தேடி ரெண்டு பஸ் மாறிப் போகிறோம். ஆனால் 40 வயதில் நமக்கு எந்த வேலை ஒத்து வரும் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடமும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரிடமும் கேட்கிறோம்! வீட்டில் கேட்டாலும் சிக்கல்தான். அம்மாவுக்கு நாம் வெயிலில் அலையக் கூடாது என்ற கவலை. கணவருக்கு, சாயந்திரம் பிள்ளைகள் வரும்போது வீட்டில் ஆள் இருக்கணுமே என்ற கவலை. அன்பினால்தான் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் பதிலில் அவர்களுடைய சௌகரியமும் கொஞ்சம் கலந்துதானே இருக்கும்?

இப்படி எந்தச் சொந்த சௌகரியமும் இல்லாமல், நம்மை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, நமக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். கேரியர் கோச் என்கிறார்கள். தொழில் வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இது புதுசு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-லேயே இதற்கென்று ஓர் அலுவலகம் தொடங்கினார். அவர் சொன்னது ரொம்ப எளிமை. முதலில் உன்னை நீ தெரிந்துகொள், அடுத்து வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்! அதே வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவர் எழுதிய புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது. அந்த மூன்று படிகள்தான் இன்றைக்கும் இந்தத் தொழிலுக்கு அடிப்படை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதெல்லாம் தெரிய வந்ததே என் ஓரகத்தியால்தான்.

அவள் 2005-ல் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். மறு வருஷமே கல்யாணம். திண்டுக்கல்லில் எங்கள் மாமாவுக்கு ஹார்டுவேர்ஸ் கடை. பைப்பு, பெயின்ட், ஆணி, பூட்டு என்று எல்லாம் உண்டு. கடையை மாமாவும் கொழுந்தனாரும் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் உத்தியோகம் என்பதால் நாங்கள் கடைப் பக்கம் போவதில்லை.

2023-ல் பெரியவள் பிளஸ் ஒன் சேர்ந்த சமயம், ஓரகத்திக்கு வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. காலேஜ் செலவு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். "அக்கா, எங்க அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கணும்னாகூட அவரு கை கழுவிட்டு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னு கேக்க வேண்டியிருக்கு."

ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங் வேலைக்கு இன்டர்வியூ போனாள். "17 வருஷமா என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "வீட்ல சும்மாதாங்க இருந்தேன்" என்றிருக்கிறாள். ரெண்டே நிமிஷத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்று முடித்துவிட்டார்கள். அடுத்து பேங்க் பரீட்சைக்கு டியூஷன் சேரலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனாள். வயது என்ன என்றுகூடக் கேட்காமல் பணம் கட்டும் ரசீதை எடுத்தார்களாம்! அன்றைக்குக் கையில் பணம் இல்லாததால் திரும்பி வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய காலேஜ் தோழி ஒருத்தி, மதுரையில் இருக்கும் ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் 20 வருஷம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். பிறகு முறையாகப் பயிற்சி பெற்று, இதைத் தொழிலாகச் செய்கிறார். நாலு தடவைக்கு மொத்தம் 6,000 ரூபாய். இரண்டு தடவை நேரில், இரண்டு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுவது. "யோசனை சொல்றதுக்கு ஆறாயிரமா? நான் சும்மாவே சொல்லுவேனே!" என்று அத்தை கேட்டார்கள். முதல் தடவைக்குத் துணையாக நான் போனேன்.

முக்கால் மணி நேரம் அந்த அம்மாள் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. "காலையில எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்க" என்றார். இவள் சொன்னாள். பிறகு "ஒரு மாசம் எப்படிப் போகும், சொல்லுங்க" என்றார். அதையும் சொல்லிக்கொண்டே வந்தவள், "பதினொன்னாம் தேதி மட்டும் எங்கயும் நகர முடியாதுங்க மேடம்" என்றாள்.

"அன்னிக்கு என்ன?"

"ஜி.எஸ்.டி. போடணும்ங்க."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும், பழைய கணக்குப்பிள்ளை "இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு ஆகாது" என்று நின்றுவிட்டார். பி.காம். படித்த மருமகள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று அவள் தலையில் வந்து விழுந்தது. தானாகவே டேலி கற்றுக்கொண்டாள். விற்பனைக் கணக்கை 11-ந் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற்றுவது, 20-ந் தேதிக்குள் 3பி தாக்கல் செய்து வரி கட்டுவது, சரக்கு வண்டிக்கு இ-வே பில் போடுவது எல்லாம் அவள்தான். சரக்கு கொடுத்தவர் தன் பில்லை ஏற்றாமல் விட்டுவிட்டால் நாம் கட்டிய வரியை நம்மால் கழித்துக்கொள்ள முடியாது. அப்படி விட்டவர்களைப் போனில் விரட்டிப் பிடிப்பதும் அவளே. ஆறு வருஷத்தில் ஒரு மாசம்கூட தாமதக் கட்டணம் கட்டியதில்லை. அத்தனையும் மத்தியானம் சமையல் முடித்த பிறகு, டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்தது.

இதை அவள் எங்கேயும் சொன்னதில்லை. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறவள் அவள். எங்களுக்கும் அது ஒரு வேலையாகத் தோன்றியதில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது. வெளியாள் ஒருத்தர் கேட்க வேண்டியிருந்தது.

அவளே எழுதி வைத்திருந்த பயோடேட்டாவைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்துவிட்டார். உயரம், நிறம், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் இருந்தது. கல்யாண புரோக்கருக்குக் கொடுத்த அதே மாதிரி! அதைத் தூக்கிப் போட்டு, ஒரே பக்கத்தில் புதிதாக எழுத வைத்தார். 2006 முதல் 2017 வரை குடும்பப் பொறுப்பு என்று உள்ளதை உள்ளபடியே எழுதச் சொன்னார். அதன் கீழே, 2017 முதல் குடும்ப வியாபாரத்தின் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் என்று வந்தது. "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்ற அந்த ஒரு கேள்விக்கு ஆறு தடவை பதில் சொல்ல வைத்தார். முதல் தடவை குரல் நடுங்கியது. ஆறாவது தடவை எனக்கே அவளிடம் கணக்கைக் கொடுக்கலாம் போலிருந்தது.

இனிக்க இனிக்க மட்டும் பேசவில்லை. பேங்க் ஆசையை அங்கேயே முடித்துவைத்தார். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பரீட்சைக்குப் பொதுப் பிரிவில் 28 வயது, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 31 வயது வரைதான். (கணவரை இழந்தவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் தளர்வு உண்டு. தேவைப்படும் சகோதரிகள் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) எக்செல் சுத்தமாகத் தெரியவில்லை, ஆங்கிலத்தில் நாலு வரி கடிதம் எழுத வரவில்லை, ரெண்டு மாசம் அதற்கு ஒதுக்குங்கள் என்றும் சொல்லிவிட்டார். அடுத்த தடவைக்குள் முடிக்க வேண்டிய வீட்டுப் பாடம் ஒன்றும் கொடுத்தார். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் மூன்று பெண்களை நேரில் சந்தித்து, என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று கேட்டு வரணும். கூச்சப்பட்டுக்கொண்டேதான் போனாள். மூன்றாவதாகப் பார்த்த பெண்தான், தன் ஆபீஸில் ஆள் தேவைப்படுவதைச் சொன்னாள்! சம்பளம் கேட்டால் "பார்த்துக் குடுங்க" என்று சொல்லியிருப்பவள், ஊர் நிலவரம் தெரிந்ததால் தொகையை வாய் திறந்து சொன்னாள்.

வேலை கிடைத்ததும்தான் வீட்டில் பிரச்னை ஆரம்பித்தது. "கடைக் கணக்க யாரு பாக்கறது?" என்றார் மாமா. அத்தைக்கும் முகம் சரியில்லை. ரெண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஓரகத்தி அந்த அம்மாளுக்குப் போன் பண்ணி அழுதாள். 'சண்டை போடு' என்றோ, 'பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ' என்றோ அவர் சொல்லவில்லை. "வெளியிலேர்ந்து ஒருத்தர வச்சுக் கணக்குப் பார்த்தா கடைக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு உங்க வீட்டுக்காரரையே கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

கொழுந்தனார் வியாபாரி. கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போது அவள் காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை ஆடிட்டர் ஆபீஸ் போகிறாள். கடைக் கணக்கையும் அவளே பார்க்கிறாள். ஆனால் மாசம் 8,000 ரூபாய் கடையிலிருந்து அவள் பேரில் இருக்கும் பேங்க் கணக்குக்கு வருகிறது. மாமாவுக்கு இன்னமும் மனசு ஒப்பவில்லை. "வீட்டு வேலைக்கு வீட்டுக்குள்ளயே சம்பளமா?" என்று வருகிறவர்களிடம் சொல்லிக் குறைபடுகிறார். என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விக்கே ஆறாயிரம் தகும். பி.காம். படித்தவர்கள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டு, தேர்வு எழுதித் தேறினால் மற்ற கடைகளுக்கும் தாங்களே தாக்கல் செய்து கொடுக்கலாம். ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. நாளைக்கே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு என்ற அமைப்பு பயிற்சியைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. அது இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். முன்பு என்ன வேலை பார்த்தார், நம்மைப் போல இடைவெளி விழுந்த பெண்களுக்கு உதவியிருக்கிறாரா, அவர்களில் ஒருத்தரிடம் நாம் பேசலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள். 'வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்கிறவர் கோச்சே கிடையாது. போனில் வரும் விளம்பரங்களில் பாதி இந்த ரகம்தான்.

எல்லோருக்கும் இது தேவை என்றும் சொல்ல மாட்டேன். என்ன வேலை என்று தெளிவாகத் தெரிந்து, கை வேலை மட்டும் கற்க வேண்டியிருந்தால், அந்தப் பணத்தில் டேலியோ தையலோ கற்றுக்கொள்வது மேல். பணமே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. முன்பு நாம் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று சொன்னது இப்போது 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. பதிந்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற இடம் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே இலவசமாக வழிகாட்டுகிறார்கள், அரசுத் தேர்வுகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள், தனியார் கம்பெனிகளை அழைத்து முகாமும் நடத்துகிறார்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை 2015-லிருந்து இருக்கிறது. அதில் பதிவதற்கும் காசு இல்லை.

யாரிடம் போனாலும், போவதற்கு முன்னால் ஒரு மாசம் ஒரு பழைய டைரியில் தினமும் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். சீட்டுக் கணக்கு, மகளிர் குழுக் கணக்கு, கல்யாண வீட்டில் 200 பேருக்குச் சமையல்காரரிடம் பேசி முடித்தது, மாமியாரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது இன்சூரன்ஸ் பணம் வாங்கியது என்று எதையும் விடாதீர்கள். மார்க் ஷீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை மொத்தமாக முதலிலேயே கட்ட வேண்டாம். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். என் ஓரகத்தி அப்படித்தான் கொடுத்தாள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்